உள்ளூர் என்றால் ஊரா, சேரியா? பிளவு உதட்டுக் குழந்தைகளும் நம் கடற்கரையும்

(இராமநாதபுரத்தில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்த தோழர் முதலில் அனுப்பிய தலைப்பு, 'பிளவு உதட்டுக் குழந்தைகளுக்கு இலவச அறுவைச் சிகிச்சை: ஒரு விழிப்புணர்வு'. அதில் இரண்டு சொற்களை எடுத்துவிடச் சொன்னேன். ஒன்று 'இலவச', இன்னொன்று 'விழிப்புணர்வு'. இலவசம் என்றால் யாரோ கொடுக்கிறார், நாம் கைநீட்டி வாங்குகிறோம் என்று ஆகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைக்கு, சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற நம் சனங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார்கள். விழிப்புணர்வு என்றால் நம் தாய்மார்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், நாம் போய் எழுப்ப வேண்டும் என்று பொருள். உதடு பிளந்த பிள்ளையைப் பெற்றவள் எங்கே தூங்குகிறாள்? குடித்த பால் மூக்கு வழியாக வந்து பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறாள்.

நான் மருத்துவர் அல்ல. சிறப்புக் கல்வி படித்துவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்கிறவள். பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவர்களிடமும் பேச்சுப் பயிற்சியாளர்களிடமும் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பற்றி. கரு உருவான நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் உதடு கூடிவிடுகிறது. ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மேல்வாய், அதாவது அண்ணம், கூடிவிடுகிறது. முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் சதை நடுவில் வந்து ஒட்ட வேண்டும். எங்காவது ஒட்டாமல் நின்றுவிட்டால் அதுதான் பிளவு. உதட்டில் மட்டும் வரலாம், அண்ணத்தில் மட்டும் வரலாம், இரண்டிலும் வரலாம். உலகத்தில் ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கிறது. ஆகவே இது அபூர்வமான ஒன்றும் அல்ல.

இந்த வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது வாரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. ஆனால் நம் ஊரில் சொல்வது என்ன? ஏழாவது மாதத்தில் கிரகணத்தன்று அரிவாள்மணையில் காய் நறுக்கினாள், பிள்ளைக்கு உதடு அறுந்துவிட்டது என்கிறார்கள். ஏழாவது மாதத்தில் உதடு கூடி நாலைந்து மாதம் ஆகியிருக்கும், அம்மா! 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அதைப் பார்க்க நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். அன்றைக்கும் இந்தக் கரையில் கர்ப்பிணிகள் இருந்தார்கள், மீன் அரிந்தார்கள். மீன் அரியாத நாள் எது நம் பெண்களுக்கு? கிரகணம் உதட்டை வெட்டும் என்றால் அந்த வருடம் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தக் கதையால் ஒரு பெண் வீட்டை விட்டு அனுப்பப்படுகிறாள். மாமியார் வீட்டில் 'மூளிப் பிள்ளையைப் பெத்தவ' என்று பெயர் வாங்குகிறாள். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடினால் தோஷம் போகும் என்று சோதிடர் சொல்ல, அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்த காசு தீர்த்தத்துக்குப் போகிறது. கதை யாரை விட்டுவிடுகிறது என்று கவனியுங்கள். அப்பன் அன்றைக்கு என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. அரிவாள்மணை எப்போதும் அவள் கையில்தான்.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணுவும் சூழலும் சேர்ந்து நடக்கிறது. புகை, கருவுறும் காலத்தில் ஃபோலிக் அமிலக் குறைவு, தாய்க்குச் சர்க்கரை நோய், வலிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டுகின்றன. (வலிப்பு மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.) நெருங்கிய ரத்த உறவில் திருமணம் செய்தால் பிறவிக் குறைகளின் வாய்ப்பு பொதுவாகவே கூடுகிறது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள் கட்டிக்கொண்டவர்கள். இந்தியாவில் இதில் நாம்தான் முன்வரிசை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். சாதிக்குள்ளே, அதிலும் சொத்துக்குள்ளே, அதிலும் மாமன் மகளுக்குள்ளே என்று சுருக்கிக்கொண்டே போகும் சமூகம் தன் பிள்ளைகளின் உடம்பிலும் அதற்கு விலை கொடுக்கிறது. ஆனால் இதையே இன்னொரு பழியாக ஆக்கிவிடாதீர்கள். உறவில் கட்டாத வீட்டிலும் பிளவோடு பிள்ளை பிறக்கிறது, உறவில் கட்டிய பெரும்பாலான வீட்டில் பிறப்பதில்லை. அத்தை மகனைக் கட்டியவளிடம் போய் "உன்னால்தான்" என்று சொன்னால், நமக்கும் சோதிடருக்கும் வித்தியாசம் இல்லை.

இப்போது பால். இதைத்தான் முதல் வாரத்தில் தீர்க்க வேண்டும். அண்ணம் பிளந்த குழந்தையால் வாய்க்குள் காற்றை அடக்கி உறிஞ்ச முடியாது. மார்பில் வைத்தால் வாய் அசைக்கும், தாயும் குடிக்கிறது என்று நினைப்பாள். வயிற்றுக்குள் போயிருக்காது. பிளவு குழந்தையைக் கொல்வதில்லை, பசியும் அதனால் வரும் தொற்றும்தான் கொல்கின்றன. இதற்கு வெளிநாட்டுப் புட்டி எதுவும் தேவையில்லை. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே போதும். சங்கு என்போமே, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அடிக்கடி தோளில் போட்டுத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பாலாடை என்ற அந்தத் தமிழ்ப் பெயரிலேயே பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் இந்தக் கிண்ணம் குறிக்கப்படுகிறது. கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது முக்கியம்.

இதைச் சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். ஆனால் பிள்ளை பிறந்த முதல் இரண்டு நாளுக்குள் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் மதுரையிலிருந்து வர முடியாது. உதட்டை மூட மருத்துவர்கள் பழைய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: பத்து வாரம், ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை, ஹீமோகுளோபின் 10 கிராம். எடை ஏறாத குழந்தையை மயக்கம் கொடுத்து அறுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். ஆகவே அறுவைச் சிகிச்சை பாலாடையிலேயே தொடங்கிவிடுகிறது.

உதடு மூடியதும் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முழுமையான சிகிச்சையின் கால அட்டவணையைச் சொல்கிறேன். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் உதடு. ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அண்ணம். அண்ணத்தின் தசை காதுக் குழாயைத் திறக்கும் தசையும்கூட. அது சரியாக வேலை செய்யாததால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும், ஆகவே காதுச் சோதனை அடிக்கடி. இரண்டு வயதிலிருந்து பேச்சுப் பயிற்சி. எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன்பாக, ஈறில் உள்ள பிளவுக்கு இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். பிறகு பல் சீரமைப்பு. வளர்ச்சி நின்ற பிறகு, பதினேழு பதினெட்டு வயதில், சிலருக்குத் தாடை அறுவைச் சிகிச்சை. கூட்டிப் பாருங்கள். உதடு மூட ஒரு மணி நேரம், மீதி பதினெட்டு வருடம்.

இந்த அட்டவணையை நம் கடற்கரையின் அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை: அப்பன் வீட்டில் இருப்பான், கையில் காசு இருக்காது. கடல் பாசி எடுக்கும் பெண்களுக்கு நீரோட்டம் பார்த்து மாதத்தில் சில நாட்கள்தான் வேலை. அந்த நாளில் மருத்துவமனை தேதி கொடுத்தால் அந்த மாதக் கூலியில் பெரும்பங்கு போயிற்று. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், அப்பன் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கும்போது வந்த அறுவைச் சிகிச்சைத் தேதிகள் எனக்குத் தெரியும். இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. ரயில் நின்றதும் தீவில் பிறந்த ஒரு குழந்தைக்கு உதட்டு வயதும் அண்ண வயதும் ரயில் இல்லாமலே கழிந்தன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியிருக்கிறது. மண்டபம் முகாமில் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுப்பாரா? இழந்த கூலியைக் கொடுப்பது யார்?

பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் வேலை செய்கிறேன், ஆகவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வல்லினம், மெல்லினம் படித்திருப்பீர்கள். க ச ட த ப ற சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்துப் பட்டென்று விட வேண்டும். ங ஞ ண ந ம ன சொல்லக் காற்று மூக்கு வழியாகப் போகும். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் கதவு மாதிரி இருப்பது அண்ணத்தின் பின்பகுதி. அந்தக் கதவு சரியாக மூடாத குழந்தைக்கு வல்லினம் வராது. எல்லாம் மூக்குக்குப் போய்விடும். 'பட்டம்' என்று சொல்ல நினைத்தால் 'மண்ணம்' என்று வரும். பாம்பன் பக்கம் ஒரு பையன். கடலிலிருந்து வரும் அப்பாவைப் பார்த்து ஓடிப்போய் "அம்மா" என்பான். அவனுக்கு 'அப்பா' வராது. கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பனும் சிரித்துவிட்டுத் தூக்கிக்கொள்வார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பு அப்படி இருப்பதில்லை.

அண்ணத்தை நேரத்தில் மூடினாலும், பழகிய நாக்கு பழைய வழியிலேயே போகும். சில குழந்தைகள் காற்றைத் தொண்டையிலேயே வெட்டி வெட்டிப் பேசக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அதை மாற்றப் பயிற்சி வேண்டும். ஒரு ஒலி, அதை வைத்து ஒரு அசை, பிறகு ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம், பிறகு வீட்டில் சண்டை போடும்போதும் அது வர வேண்டும். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்த்தால் பனி படரும், காற்று மூக்கில் கசிகிறது என்று குழந்தையே தெரிந்துகொள்ளும். பஞ்சு உருண்டையை வாயால் ஊதித் தள்ளும் விளையாட்டு பல இடத்தில் செய்கிறார்கள். ஊதுவதால் மட்டும் பேச்சு சரியாகாது, ஒலியைத்தான் பழக்க வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் வாரத்துக்கு ஒரு முறையாவது, மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகத் தினமும் வீட்டில் நடக்க வேண்டும். வாரம் ஒரு முறை 170 கிலோமீட்டர் போய்வர எந்தக் குடும்பத்தால் முடியும்? ஆகவே உதடு அழகாக மூடிய, பேச்சு யாருக்கும் புரியாத பிள்ளைகள் நம் கரையில் வளர்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறார்கள். சேரிப் பிள்ளையாக இருந்தால் ஏற்கெனவே கடைசி பெஞ்சுதான். வாய் திறந்து வாசித்தால் சிரிப்பார்கள் என்று வாசிக்காமல் இருப்பார்கள், வாசிக்கத் தெரியவில்லை என்று ஆசிரியர் எழுதிவிடுவார். எட்டாம் வகுப்போடு படகுக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுவார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் பேச்சு, கேட்டல் துறையினர், கனடாவின் டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்பின் துணையோடு, 2005 வாக்கில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு கடலூருக்கும் கொண்டுபோனார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு குழந்தைகளை வரச் சொல்லாமல், அந்த மாவட்டத்திலேயே இருக்கும் களப்பணியாளர்களைத் தேர்ந்தெடுத்து, பிளவோடு பிறந்த குழந்தைகளைக் கண்டுபிடிக்கவும், சிகிச்சைக்கு அனுப்பவும், திரும்பி வந்த பிறகு பேச்சைத் திருத்தவும் பயிற்சி கொடுத்தார்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர் கையில் குழந்தைகளின் பேச்சு தேறுமா என்ற சந்தேகம் இருந்தது. தேறியது. அதை ஆய்வாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பணமும் இரண்டு மாவட்டத்தில் செய்ததை, துணைசுகாதார நிலையமும் அங்கன்வாடியும் எல்லா ஊரிலும் வைத்திருக்கிற அரசு ஏன் 38 மாவட்டத்திலும் செய்யவில்லை என்பது என் கேள்வி. அந்தத் திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை.

வெளிநாட்டுத் தொண்டு என்று வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் வந்து ஒரு வாரம் முகாம் போட்டு நூறு உதடு மூடிவிட்டுப் போவது ஒரு வகை. ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்பு 1999இல் தொடங்கியபோது உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுப்பது என்ற வழியை எடுத்தது. அது மேலானது. 2009இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படம் அப்படி வாரணாசியில் நடந்த ஒரு சிகிச்சையைப் பற்றியதுதான். ஆனால் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படம் போட்டு நன்கொடை கேட்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முதல் படம் அந்தக் குழந்தைக்கு இருபது வயதாகும்போதும் எங்காவது சுவரில் தொங்கும். பணம் கட்டிச் சிகிச்சை பெறும் வீட்டுப் பிள்ளையின் படத்தை அப்படிப் போடுவார்களா?

சரி. உள்ளூரில் வைக்க வேண்டும், உள்ளூர்க்காரர்கள் நடத்த வேண்டும் என்று இதுவரை பேசினேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். இப்போது உங்களைக் கேட்கிறேன்: எந்த உள்ளூர்?

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்புச் சட்ட வரைவை அவையில் வைத்துப் பேசிய அண்ணல், கிராமத்தைக் கொண்டாடியவர்களைக் கடுமையாக மறுத்தார். கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்வதாகச் சொன்னார். முதுகுளத்தூரையும் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனையும் தெரிந்த இந்த மாவட்டத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நம் கிராமத்துக்கு ஊர் என்று ஒரு பெயர், சேரி என்று ஒரு பெயர். கடற்கரையில் அது இன்னும் பல துண்டு: விசைப்படகு முதலாளி தெரு, கூலி மீனவர் குடிசை, பாசி எடுக்கும் பெண்களின் குடியிருப்பு, முஸ்லிம் தெரு, முகாம். 'உள்ளூர்த் தலைமை' என்று ஒரு திட்டத்தில் எழுதினால், அதிகாரி வந்து யாரைக் கேட்பார்? முதலில் கண்ணில் படுபவரைக் கேட்பார். அவர் ஊர்த் தலைவர்.

நான் கண்ட ஒன்று. ஊர் பெயரும் நடத்தியவர் பெயரும் வேண்டாம். குழந்தைகளுக்கான பரிசோதனை முகாம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு என்று தண்டோரா. கூடத்துக்குள் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சேரியிலிருந்து வந்த மூன்று தாய்மார்கள் வெளியே கருவேல மர நிழலில் நின்றார்கள். யாரும் "வராதே" என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை அல்லவா? அதில் ஒருத்தியின் மடியில் அண்ணம் பிளந்த ஏழு மாதக் குழந்தை. மதியம் வெளியே வந்த பணியாளர், வந்தவர்கள் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, "உங்க பக்கத்துல யாரும் வரலையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். குழந்தையைத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "வாயைத் திறக்கச் சொல்லுங்க" என்றார். ஏழு மாதக் குழந்தையிடம்! அண்ணத்தைப் பார்க்க விரலை விட வேண்டும் தோழர்களே. நாக்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். எச்சில் கையில் படும். இந்த வேலை முழுக்க எச்சிலோடு செய்யும் வேலை. எச்சிலும் தொடுதலும் தீட்டு என்று பழகிய கையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேரியிலிருந்து ஒரு பெண்ணைப் பணியாளராகப் போட்டால், ஊர்ப் பிள்ளையின் வாய்க்குள் அவள் விரலை விட ஒப்புக்கொள்வார்களா? எனக்குத் தெரிந்த ஒரு பணியாளரைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு, "சொல்லிக் கொடுத்துட்டுப் போ, நாங்களே பாத்துக்குறோம்" என்றார்கள். அவள் விடவில்லை. தானே உதட்டுப் பிளவோடு பிறந்தவள், மேலுதட்டில் தழும்பு தெரியும். "எனக்கு இருந்ததுதான் உங்க பிள்ளைக்கும் இருக்கு, நான் பேசுறது உங்களுக்குப் புரியுதா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். மூன்றாவது வாரம் திண்ணையிலிருந்து நடுவீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் அவளுக்குத் தனிக் குவளையில்தான் கொடுத்தார்கள், குடிக்காமல் வந்துவிடுவாள். ஆனால் பிள்ளைக்கு 'ப' வந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். அண்ணல் சொன்னபடி அலகு தனிமனிதர், இங்கே அலகு குழந்தை. முகாமை ஊர்ப் பொதுவில் வைக்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குப் போக முடியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். பணியாளர்களைச் சேரியிலிருந்தும், கூலி மீனவர் குடியிருப்பிலிருந்தும், முஸ்லிம் தெருவிலிருந்தும், முகாமிலிருந்தும் எடுங்கள். எந்தப் பணியாளரும் எல்லா வீட்டுக்கும் போவார் என்பதை வேலை விதியாகவே எழுதுங்கள். 'எங்கள் தெருவுக்கு எங்கள் ஆள்' என்று பிரித்துக் கொடுத்தால் சமாதானமாக நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். சமாதானமாக நடக்கும்தான். தீண்டாமையும் இத்தனை காலம் சமாதானமாகத்தான் நடந்தது.

அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் நடத்துகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள், அவர்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்து ஊக்கத்தொகை என்று கொஞ்சம் கொடுப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அப்படியானால் பேச்சுப் பயிற்சியும் ஏன் வரக் கூடாது? வரலாம், வர வேண்டும். ஆனால் அதே பெண்கள் தலையில் அதே ஊக்கத்தொகைக்கு இன்னொரு சுமையாக ஏற்றினால், திட்டம் ஏட்டில் இருக்கும், பிள்ளைக்கு வராது. எச்சில் தொடுகிற வேலையை ஒரு குறிப்பிட்ட மக்களுக்குக் கூலி இல்லாமல் கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல.

இனி உங்களால் முடிந்தது. 2013இலிருந்து ராஷ்டிரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத்திட்டம் இருக்கிறது. 18 வயது வரை உள்ள குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நடமாடும் குழு சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டிய பிறவிக் குறைகளில் உதட்டு, அண்ணப் பிளவும் ஒன்று. மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்க வேண்டும், அதில் கேட்டல், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுநெறி சொல்கிறது. நம் மாவட்டம் 2018இலிருந்து நடுவண் அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் இருக்கிறது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அந்தக் கல்லூரி நமக்குக் கொடுத்திருக்கிறது.

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நான்கு கேள்வி போதும். கடந்த ஐந்து ஆண்டில் மாவட்டத்தில் உதட்டு, அண்ணப் பிளவோடு பதிவான குழந்தைகள் எத்தனை, வட்டார வாரியாக. அவர்களில் அண்ண அறுவைச் சிகிச்சை ஒன்றரை வயதுக்குள் முடிந்தவர்கள் எத்தனை. பேச்சுப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை, ஒவ்வொருவருக்கும் எத்தனை அமர்வு. பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை நிரப்பப்பட்டிருந்தது. இரண்டாவது கேள்வியில் பட்டியல் சாதி, பழங்குடி, மீனவர், முகாம்வாழ் குழந்தைகள் என்ற பிரிவையும் கேளுங்கள். அந்தப் பிரிவில் கணக்கு வைக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மனு அதிலிருந்துதான்.

மனு எழுதிப் பழக்கம் இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஆறு கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.